செல்லுபடிக் காலம்

பாசையூர் ஐஸ் கம்பனியில் கணக்கு எழுதுகிறேன்.
ஐம்பது கிலோ என்று நான் பதிந்த பாளம்
படகில் ஏறுகையில் நாற்பத்திநாலு.
நடுவில் போன ஆறு கிலோவுக்கு
ஒருவரும் பொறுப்பில்லை,
கடற்கரை வீதியின் வெயிலைத் தவிர.

இந்த மாதச் சீட்டு எனக்கு.
கழிவு போக ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
கைப்பையின் உள்ளறையில் அதை வைத்துக்கொண்டு
மூன்று சனிக்கிழமை
மூன்று மாடிப்படி ஏறினேன்.

முதல் இடத்தில் ஏசி.
மேசைக் கண்ணாடிக்குக் கீழே பட்டமளிப்புப் படங்கள்.
கறுப்பு அங்கி வாடகை, தொப்பியும் வாடகை,
சிரிப்பு மட்டும் அவரவருடையது.
"ஆறு மாசம், பன்ரண்டு பாடம்.
நெட்வேர்க்கிங், வெப் டிசைன், கிராஃபிக்ஸ்,
இங்கிலீஷ் இலவசம்."
சோதனை?
"பயப்பிடாதேங்கோ, எங்கட சேர்தான் பேப்பர் செய்யிறவர்.
இண்டைவரைக்கும் ஒருத்தரும் ஃபெயிலில்லை."
அந்தக் கடைசி வசனத்தில்
காசு பைக்குள் ஒருமுறை புரண்டு படுத்தது.

இரண்டாவது இடத்தில் சான்றிதழையே கையில் தந்தார்கள்.
பொன்னெழுத்து. விரலுக்குத் தட்டுப்படும் முத்திரை.
லண்டனில் ஏதோ ஒரு கல்லூரி.
அன்றிரவு போனில் அந்த விலாசத்துத் தெருவில்
இறங்கி நின்று பார்த்தேன்.
கீழே கோழிப்பொரியல் கடை,
மேலே ஒரு ஜன்னல்,
ஜன்னலில் பூச்சாடி.
பூச்சாடி உண்மையாக இருக்கலாம்.

துளசிகா போன வருடம் டிப்ளோமா முடித்தவள்.
கொழும்பில் நேர்முகத்துக்குப் போனாள்.
அவளுடைய ரோஸ் நிறக் கோப்பை அவர்கள் திறக்கவில்லையாம்.
ஒரு கேபிளை நீட்டி,
இந்த இரண்டு கணினியும் ஏன் கதைக்கவில்லை என்று கேட்டார்களாம்.
அதற்குப் பிறகு நடந்ததை
தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டாள்.
இப்போது ஃபோட்டோக்கொப்பிக் கடையில்
மற்றவர்களுடைய சான்றிதழ்களைப் பிரதி எடுக்கிறாள்.

நாற்பத்தொரு வேலை விளம்பரம் படித்தேன்.
ஐஸ் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன்.
பன்னிரண்டு பாடம் எவரும் கேட்கவில்லை.
ஒரே ஒரு பரீட்சையின் பெயர்
இருபத்தாறு தரம் வந்தது.

பலாலி வீதி, மருந்துக்கடைக்கு மேலே.
ஏசி இல்லை. இரும்புத் தட்டில் நாலு பழைய ரவுட்டர்,
குளவிக் கூடு மாதிரி இரைச்சல்.
படிப்பிக்கிற அனிஸ்ரன் என்னைவிட இரண்டு வயது இளையவன்,
காலில் பாட்டாச் செருப்பு.
"சோதனை எங்கடையில்லை அக்கா.
பேப்பரை நாங்கள் காணமாட்டம்.
காசு டொலரில, அண்டைய விலைக்கு.
தோத்தால் திரும்பவும் முழுக்காசு.
நானே முதல்தரம் தோத்தனான்.
பாஸ் பண்ணினால் ஒரு இலக்கம் தருவாங்கள்,
உலகத்தில ஆரும் அடிச்சுப் பாக்கலாம்.
மூண்டு வருஷம் செல்லும். பிறகு
திரும்பவும் எழுத வேணும்."

எவ்வளவு கரையும் என்று
நான் கேட்கமுன்னம் சொன்ன முதல் ஆள்.

பற்றுச்சீட்டை வாங்கும்போது கை நடுங்கியது என்பதையும்
எழுதிவைக்க வேண்டும்.
மிச்சக் காசைப் பரீட்சைக்கென்று ஒதுக்கினேன்.
டொலர் ஏறுகிற நாட்களில்
செய்தி கேட்பதில்லை.

ஏழாவது வகுப்பு, நேற்று.
நடுவில் கரண்ட் போய், வந்து,
பச்சை வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தபின்
அடுத்த அறைக் கணினியைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.
திரையில் விழுந்தது:
அனுப்பியது நான்கு. கிடைத்தது மூன்று. இழப்பு ஒன்று.

கம்பனி என்றால் அதோடு கொப்பியை மூடியிருப்பேன்.
"அந்த ஒண்டு எங்க போனது?" என்றேன்.
"பாதை விசாரிக்கப் போனது அக்கா.
முதலாவது அநேகமா அப்பிடித்தான். திரும்ப அடியுங்கோ."

அடிக்கவில்லை, உடனே.
இழப்புக்கு ஒரு காரணம் இருந்தது,
காரணத்துக்கு ஒரு பெயரும் இருந்தது.
அதை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு
ஆறு கிலோக்களுக்குப் பக்கத்தில்
எழுதிக்கொண்டிருந்தேன்.