முக்கால் ஆள்

சம்மாந்துறை மில்லில், நெல் காயப்போடும் தளத்தில்
நாலு பெண்களென்றால் மூன்று ஆள்.
மீராலெவ்வைக் கங்காணி அப்படித்தான் எண்ணுவார்.
தேத்தண்ணியும் மூன்று கிளாஸ்தான் வரும்.
என் உம்மா செயிலத்தும்மா
நாலாவதாய் நின்று
ஒரு கிளாஸ் காலியாகும்வரை
கால்விரலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருப்பாவாம்.

கங்காணி மௌத்தாகிப் பதினெட்டு வருடம்.
இப்போது ஆளுக்கொரு கடதாசிக் கோப்பை.
கணக்கு மட்டும்
என் கணினிக்குள் வந்து குந்தியிருக்கிறது:
பெண் என்று அடித்தால்
தானாகவே பெருக்கிக்கொள்கிறது, 0.75 ஆல்.

அந்தச் சூத்திரத்தைப் போட்டவன் றுஸ்லான்.
நான் கணக்குப் பழக்கிய பொடியன்,
இன்று என் மனேஜர்.
"அவனுக்குக் குடும்பம் இருக்கு" என்றார் முதலாளி.
என் மூன்று பிள்ளைகளும்
யாருடைய குடும்பமோ.

நெல்லின் ஈரம் அளக்க வந்த ஸப்னா, பட்டதாரி.
நேர்முகத்தில் கேட்டது ஒன்றே ஒன்று:
"கலியாணம் எப்ப, மகள்?"
"மில்ல எப்ப மூடுவீங்க, சேர்?" என்றாளாம்.
வேலை கிடைத்தது.
சம்பளம்தான் முக்கால்.

வியாழக்கிழமை, கூலி போடும் நாள்.
அந்தப் பெருக்கலை அழித்துப் பார்த்தேன்.
பதினெட்டுப் பெண்கள், ஆறு நாள்.
கூடியது ஐம்பத்துநாலாயிரம்.
திரும்பவும் கூட்டினேன், அதேதான்.
இவ்வளவு காலமும் இதற்காகவா
இந்த மில் எங்களுக்குப் பயந்தது?
போன மாதம் வாங்கிய லொறி டயர்
ஒன்றுக்கும் காணாதே இது.

மேலேயிருந்து றுஸ்லான் கூப்பிடுகிறான்.
டயர் பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு
படியேறுகிறேன்.