எடைமேடையில் இரவுப்பணி

லாரிகளை நிறுத்தி எடைபோடுவது என் வேலை.
மொன்டானாவில், பியூட் நகரத்துக்குக் கிழக்கே
நெடுஞ்சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில்
ஒரு கண்ணாடி அறை, ஒரு ஹீட்டர், இரண்டு விளக்குகள்.
எண்பதாயிரம் பவுண்டு வரை பச்சை.
அதற்கு மேல் சிவப்பு, அபராதம், கெஞ்சல்.
பதினெட்டு வருடத்தில் எந்த ஓட்டுநரும்
எடை குறைந்துவிட்டதே என்று அழுததில்லை.

நான் அழுதேன், போன செவ்வாய்க்கிழமை,
உணவு ஆலோசகர் கிரெட்சனின் அறையில்.
தராசிலிருந்து இறங்குமுன்பே கைதட்டினாள்:
"பதின்மூன்று பவுண்டு, மிஸ் வூகோவிச்! பிரமாதம்!"
ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து
காகிதக் கைக்குட்டை நீட்டினாள்.

இருநூற்று நாற்பத்தேழு இருந்தேன்.
இப்போது இருநூற்று முப்பத்து நான்கு.
இன்னும் ஒரே பவுண்டு.
நாற்பது என்ற அந்த எண் முப்பத்தொன்பதாகிவிடும்;
பிறகு கூடவே ஒரு வியாதியும் காட்டவேண்டும்.
என் சர்க்கரையோ எல்லைக்கோட்டில் நின்று
எட்டிப் பார்க்கிறது, உள்ளே வரமாட்டேன் என்கிறது.
ரத்த அழுத்தம் நல்லபிள்ளை.

ஆறு மாதம் வாயைக் கட்டிக் காட்டு
என்கிறது காப்பீட்டு நிறுவனம்.
காட்டினால், ஆபரேஷன் எதற்கு என்று கேட்கும்.
காட்டாவிட்டால், அக்கறை போதாது என்று எழுதும்.
இளைக்கத் தெரியாதவளா நான்?
கல்யாணத்துக்கு நாற்பது பவுண்டு இளைத்தேன்,
விவாகரத்துக்கு அறுபது.
போனதெல்லாம் திரும்பி வந்தது,
வழியில் கண்டதையும் கூட்டிக்கொண்டு.

அழகுக்காக இல்லை.
மூன்று இரும்புப் படி ஏறி
ஓட்டுநரின் ஜன்னலைத் தட்ட முடியவில்லை.
அவர்களே இறங்கிவந்து காகிதங்களைத் தருகிறார்கள்,
காலை நீட்டிக்கொள்ளத்தான் இறங்கினோம் என்று சொல்லி.

மரக்கட்டை ஏற்றிவரும் ஓர்வல்
மேடைக்கு முந்தின வளைவில் வண்டியை நிறுத்தி
கட்டைமேல் உறைந்த பனியைச் சுரண்டித் தள்ளுவான்.
எனக்கு எல்லாம் தெரியும்.
நான் இப்போது அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்:
இரண்டு லிட்டர் தண்ணீர், நாலரை பவுண்டு.
இரும்புமுனை பூட்ஸ். பை நிறையச் சில்லறை.
பொய்யை எடைபோட்டே சம்பளம் வாங்குகிறவள்;
கூசுகிறது.

மேசைமேல் தங்கை மிலேனா அனுப்பிய பொவிதிட்சா.
அக்ரூட் அரைத்துச் சுருட்டிய ரொட்டி,
எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ்.
ஒரு துண்டு தின்றால் தகுதி.
தின்னாவிட்டால் கைதட்டல்.
இப்படியும் ஒருத்தி
ரொட்டியைப் பார்த்து உட்கார்ந்திருப்பாளா?

காப்பீட்டு அலுவலகத்தில் போனெடுத்த பெண்
"முதல் நாள் எடைதான் கணக்கு என்று நினைக்கிறேன்" என்றாள்.
"நினைக்கிறீர்களா?"
"கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்."
இன்றோடு பதினோரு நாள்.

விடிகாலை மூன்று மணி. சாலையில் ஒருவருமில்லை.
கோட்டைப் போட்டுக்கொண்டு
மேடையின் நடுவில் போய் நின்றேன்.
ஓட்டுநர்களுக்காக மாட்டிய பலகையில்
சிவப்பாக ஒளிர்ந்தது: 240.
இந்த யந்திரத்துக்கு
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
ஒரு பவுண்டெல்லாம் அதற்குக் கண்ணில் படாது.
யாரும் கையெழுத்துப் போடாத அந்த எண்ணைப் பார்த்து
குளிரில் கொஞ்சநேரம் நின்றேன்.

வளைவில் வெளிச்சம். இறங்கினேன்.
பலகை பூஜ்யத்துக்கு வர சற்று நேரம் பிடித்தது.

ஓர்வல்தான். கட்டைகள்மேல் பனி அப்படியே.
"சுரண்டவில்லையா?"
"தோள் வலி" என்றான், தொப்பியைப் பார்த்துக்கொண்டு.
எண்பதாயிரத்து நானூற்று இருபது.
சட்டப்படி சிவப்பு.

பனிதானே என்றேன்.
பச்சையை அழுத்தினேன்.
அவன் போனபின் ரொட்டியில் பாதித் துண்டு வெட்டினேன்,
எதற்காக என்று
இன்னும் முடிவு செய்யாமல்.