மடை 0.7.2: வெளியீட்டுக் குறிப்பு

இந்தப் பதிப்பில் மாறியது ஒரே ஒரு சொல்.
அதற்கு முன் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: மடை ஒரு நிரல் தொகுப்பு.
உங்கள் தளத்தின் வாசலில் அதைப் பொருத்தினால்
வருகிறவரிடம் கடவுச்சொல் கேட்காது.
உன் முகவரி எது என்று மட்டும் கேட்டு
அவரை அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பும்.
வீடு ஒரு சீட்டில் கையெழுத்திட்டுக் கொடுக்கும்.
ஐந்து நிமிஷம் செல்லும். ஒரே தடவை செல்லும்.
காட்டினால் உள்ளே.
பெரிய கம்பெனி எதுவும் நடுவில் உட்கார்ந்து
யார் எங்கே போனார் என்று கணக்கு எழுதாது.
கோடகன் கால்வாயில் வயலுக்கு வயல் மடை இருப்பதுபோல
என்று நினைத்து வைத்த பெயர்.
கால்வாய்க்காரர்கள் சிரிப்பார்கள்.
மடைக்காகத்தான் அங்கே முக்கால்வாசிச் சண்டை.

என்னோடு இதை எழுதுகிறவர் ஒருவர் உண்டு.
நாலு வருஷம். ஊர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது.
அவர் திறவுகோலின் கடைசி எட்டு எழுத்துத் தெரியும்:
ஏழு, சி, நாலு, நாலு, எஃப், பூஜ்யம், ஒன்பது, ஈ.
காற்புள்ளி விட்டுப்போனால் கோபம் வரும் என்று தெரியும்.
அது போதுமானதாக இருந்தது.

போன சனிக்கிழமை பெருமாள்புரத்தில் வீடு பார்க்கப் போனேன்.
மாடி. இரண்டு அறை. குழாயில் ஆற்றுத் தண்ணீர்.
சம்பளச் சீட்டு கேட்டார், கொடுத்தேன்.
ஆதார் கேட்டார், கொடுத்தேன்.
பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஊரு?"
"ஆலடிப்பேரி."
"ஆலடிப்பேரில எங்கன?"
"பஸ் ஸ்டாப்புக்குக் கிட்டத்துல."
"ஸ்டாப்புக்குக் கீழயா, மேலயா?"
"கீழ."
"வாய்க்காலத் தாண்டியா, தாண்டாமலா?"

பட்டியலைப் பாதியாக வெட்டி
மிச்சத்தையும் பாதியாக வெட்டித் தேடுவதை
எனக்குக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்தினார்கள்.
இவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்தபடி
நாலே கேள்வியில் வந்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. அப்பா பேரு?"
"சப்பாணிமுத்து."
"அதுக்குப் பொறத்தால?"
"பொறத்தால ஒண்ணும் கெடையாது சார்."

தெருவின் பெயரை மட்டும் நான் சொல்லவில்லை.
சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.
நீங்களும் இந்நேரம் தேடியிருப்பீர்கள்.
பரவாயில்லை. பழக்கம்.

கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் நின்றபோது குறுஞ்செய்தி:
வீடு நேற்றே பேசியாச்சாம். சொந்தக்காரப் பையனாம்.

அன்று ராத்திரி, கோபத்தில்தான்,
மடை அனுப்பும் பதிலை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தேன்.
தளம் கேட்பது: இவர்தானா?
வீடு சொல்ல வேண்டியது: ஆம்.
அவ்வளவுதான் ஒப்பந்தம்.
ஆனால் அந்த ஆமுக்குப் பின்னால், யாரும் கேட்காமலே,
முழுப்பெயர், பிறந்த தேதி, ஊர், தந்தை பெயர்
வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரி:
முழுவிவரம் = உண்மை

எழுதியது யார் என்று தேடினேன்.
நான்.
நாலு வருஷத்துக்கு முன், ஏதோ ஒரு மதியம்,
பின்னால் உதவும் என்று பக்கத்தில் குறிப்பு வேறு.

உண்மை என்றிருந்ததைப்
பொய் என்று மாற்றினேன்.

அப்பா பெயர் வராமல் சில பழைய தளங்கள் உடையலாம்.
உடைந்தால் எழுதுங்கள். பழையபடி ஆக்க மாட்டேன்,
ஆனால் பதில் போடுவேன்.

ஏழு சி நாலு நாலு விடிகாலையில் பார்த்துவிட்டு
ஏன் இப்போது என்று கேட்கவில்லை.
இரண்டு காற்புள்ளி குறைகிறது, மற்றபடி சரி என்றார்.

வெளியீட்டில் கையெழுத்திட வேண்டியது நான்.
திறவுகோல் என்னிடம் கடவுத்தொடர் கேட்டது.
என் கடவுத்தொடர் அந்தத் தெருவின் பெயர்.
எழுத்துப் பிசகாமல் தட்டினேன்.
திறந்தது.
அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டதால்
நாளைக்கே அதை மாற்றியாக வேண்டும்.