கூடுதல் விநாடிகள்

அறுபது முடிந்த மறுவாரம்
அஞ்சல் பெட்டியில் கிடந்தது அட்டை.
படத்தில் இருந்தவள்
என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.

அலுவலகத்தில் எனக்கு இன்னும் ஐம்பத்து நான்கு.
ஞாயிறுதோறும் தலைச்சாயம்,
குளியலறைத் தரையில் கறுப்புச் சொட்டுகள்.

தனியாய்ப் போனால் சலுகை அட்டை.
சுவான் சூ கூட வந்தால் பழையது.
ஒரு பொய்க்கு எண்பது காசு,
போக வர ஒரு வெள்ளி அறுபது.
மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன்
(நான் கணக்குப் பிரிவு):
இரண்டு டப்பா சாயம் வாங்கியிருக்கலாம்.

நேற்று தோ பாயோவில் மழை விட்ட நேரம்.
அவள் கையில் ஐந்து கிலோ அரிசி,
என் கையில் இரண்டு பேர் குடையும்.
சாலையோ அகலம்.
பச்சை மனிதன் எப்போதும் அவசரக்காரன்.

"இரு, பத்மினி" என்றவள்
பைக்குள் துழாவி எடுத்து
கம்பத்தில் தட்டினாள்.
மூத்தோர்க்கு மட்டும் கிடைக்கும் சில விநாடிகள்.

"அக்காவோட அட்டை,"
என்னைப் பார்க்காமல் சொன்னாள்.
அக்கா பினாங்கில் இருக்கிறாள்.
போன வாரம்தான் அதையும் சொன்னாள்.

நானும் என்னுடையதை எடுத்துத் தட்டினேன்.
இருவர் தட்டினால் நேரம் இரட்டிக்காது,
தெரியும்.

பச்சை விழுந்தது.
நடுச்சாலையில் அரிசி மூட்டையை இறக்கிவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்
என் வயதுக்காரி.

லாரிக்காரர் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி காத்திருந்தார்.
இன்னும் ஒன்பது இருந்தது.