அருவிக் கிழவன்

மைனஸ் இருபத்திரண்டு.
மூக்கு மயிர்கூட விறைத்துக்கொள்ளும் காலை.
ஸ்கோர்வா ஆற்றில் உறையாமல் மிஞ்சியிருப்பது
மதகுக்குக் கீழே ஒரு கட்டில் அகலத் தண்ணீர்.
அதன் விளிம்பில், பனிக்கட்டிமேல், நிற்கிறது.

வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.
வாலை மட்டும் யாரோ அவசரத்தில் கத்தரித்துவிட்டார்கள்.
தாடையிலிருந்து நெஞ்சுவரை வெள்ளை,
சாப்பிட்டு எழுந்தவன் துண்டை அவிழ்க்க மறந்ததுபோல.
நின்ற இடத்திலேயே தோப்புக்கரணம் போடுகிறது;
யாரிடம் என்ன தப்புச் செய்ததோ.
இமைக்கும்போது இமையும் வெள்ளை.

அருவிக் கிழவன் என்போம் இங்கே.
பெட்டைக்கும் அதே பேர்தான்.

பிறகு தண்ணீருக்குள் இறங்குகிறது.
பாயவில்லை. நடந்து,
நிலவறைக்கு உருளைக்கிழங்கு எடுக்கப் போகிறவள் மாதிரி
படிப்படியாக, தலை முழுகும்வரை.
அடியில் கூழாங்கல்லைப் புரட்டி,
மணல்மணலாய் ஒட்டிய கூட்டுக்குள் ஒளிந்த புழுவைக்
கூட்டோடு இழுத்து வருகிறது.
பாறையில் நாலு அடி. ஒரு விழுங்கல்.
ஏழு நொடி, பதினொன்று, ஐந்து என்று
நீர்மட்டக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

ஓட்வின் சுழலிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம்.
அந்த இரைச்சல் காதில் விட்டுவைக்காதவை:
கெட்டிலின் விசில்,
கதவு மணி,
மகள் ஐலிவின் சிரிப்பில் மேல்பாதி.

இப்போது பாடுகிறது.
ஆற்றைத் தாண்டிக் கேட்கவேண்டுமென்று
ஆற்றுக்கு எட்டாத உயரத்தில் வைத்த பாட்டு.
ஓட்வினுக்கு எட்டாததும் சரியாக
அந்த உயரம்தான்.

"பாடுதா?" என்றார்.
தலையாட்டினேன்.
"தெரியுது. அந்த வெள்ளை நடுங்குதே.
எப்படி இருக்கு?"
அவர் காதருகே போய்க் கத்தினேன்,
கண்ணாடிச் சில்லுகளைச் சல்லடையில் போட்டு
யாரோ மெதுவாகக் குலுக்குவதுபோல என்று.
மெதுவாக என்பதைத்தான்
மூன்று தடவை கத்தவேண்டியிருந்தது.
பறவை எழுந்து ஓடிவிட்டது,
தண்ணீரை ஒட்டி, தாழ்வாக,
ஆற்றின் வளைவு ஒவ்வொன்றையும் தானும் வளைந்து;
குறுக்குவழி இருந்தும்.

பத்து மணிக்கு மதகை முழுக்க மூடச்சொல்லி உத்தரவு.
ஓட்வின் சக்கரத்தைத் திருகினார்.
நாலு விரல் மிச்சம் இருக்கும்போது நிறுத்தினார்.
"இறங்கமாட்டேங்குது. துரு," என்றார்,
போன அக்டோபரில் தானே கிரீஸ் பூசிய
பல்சக்கரத்தைப் பார்த்தபடி.

பென்சில் நுனியை வாயில் வைத்துச் சூடாக்கி
எழுதினேன்: துரு.