பன்னிரண்டு பவுண்டு காற்று

பதாயர் மேட்டுக்கு இப்பால், பெட்ரோல் பங்க் ஓரம்,
காலை ஆறேகால்.
ஐந்து வண்டிகள் காற்றை இறக்குகின்றன,
விசில் தொலைந்த இருபது குக்கர்கள்போல.

மொகுதூம் சாவி முனையால் வால்வை அழுத்தி
காதால் அளக்கிறார்.
முப்பத்தைந்திலிருந்து பன்னிரண்டுக்கு
எத்தனை மூச்சென்று அவருக்குத் தெரியும்,
தொண்ணூற்றாறிலிருந்து தெரியும்.
விஜில் இருக்கையில் இருந்தபடியே
நான்கு சக்கரத்து எண்களும்
திரையில் இறங்குவதைப் பார்க்கிறான்.
வண்டி வந்து மூன்று வாரம்.
பின்சீட்டுப் பாலிதீன் இன்னும் கிழியவில்லை.

"அது வண்டியில்லடா, கால்குலேட்டர்."
"உங்களோடது மட்டும் வண்டியா காக்கா? வைத்தியச் செலவு."
"டெல்பின், நீ சொல்லு."

நான் இண்டஸ்ட்ரியல் ஏரியா ஆறில்
ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள்.
பேட்ரோலின் கார்பரேட்டர் கிட்
மூன்றாம் அலமாரி, கீழ்த்தட்டு,
கரண்ட் போனாலும் எடுத்துவிடுவேன்.
புதுசின் சென்சார் பதினோரு நாளில் ஜப்பானிலிருந்து வரும்,
உறை பிரித்தால் திருப்பி எடுக்கமாட்டோம்.
இரண்டிலும் எனக்குக் கமிஷன் உண்டு,
என் தீர்ப்பை நம்பாதீர்கள் என்கிறேன்.
அதற்காகவே நம்புகிறார்கள்.

சொல்லாமல் விட்டவை:
பேட்ரோலில் போனால் துப்பட்டாவில்
செவ்வாய்வரை பெட்ரோல் மணக்கும்.
எந்த கியரில் இருக்கிறோம் என்பதை
முழங்கால்தான் முதலில் அறியும்.
புதுசில் காப்பி சிந்தாது.
மேட்டிலிருந்து தானே கணக்குப் போட்டு இறங்கும்;
விஜிலின் கால்கள் இரண்டும்
விசா முடிந்த ஆட்கள்போல்
வேலையின்றிக் கிடக்கும்.

அப்புறம் இதுவும்:
புதுசுக்கு அறுபது மாதத் தவணை,
விஜிலின் ஒப்பந்தம் இரண்டு வருடம்.
மீதி முப்பத்தாறு மாதம்
எந்தத் திரையிலும் தெரிவதில்லை.
பேட்ரோல் ஆகஸ்டில் பாஸிங்குக்குப் போகும்.
போன வருடம் மூன்று முறை தோற்றது, எண்ணெய்க் கசிவு.
நாலாவதுக்கு முந்தின இரவு
டீசல் ஊற்றி அடிவயிற்றைக் கழுவினோம்.
அதே வாரம் காக்காவுக்கும் விசா மெடிக்கல்.
இரண்டு ரசீதையும் ஒரே கிளிப்பில் மாட்டி வைத்திருக்கிறார்.

எட்டு மணிக்கு ஒரு மணற்குழியில்
புதுசு நின்றது.
கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, தயவுசெய்து காத்திருக்கவும்
என்றது திரை, மரியாதையாக.
கயிறு கட்டி இழுக்கச் சிரித்தபடி இறங்கி வந்த காக்கா
வந்த வேகத்தில் அச்சுவரை புதைந்தார்.
இப்போது இரண்டும் ஒரே உயரம்.
மண்வெட்டி கை மாறிக்கொண்டே இருந்தது.
சேஸிஸுக்கு அடியில் படுத்தும்
வாய்க்குள் மணலோடும்
வாக்குவாதம் நிற்கவில்லை.

நான் பேட்ரோலின் பின்சக்கரத்தருகே குந்தி
கைப்பையிலிருந்த கேஜை வைத்துப் பார்த்தேன்.
பத்தொன்பது.
மறுபக்கம், பதினெட்டரை.

"எவ்ளோ இருக்கு?" என்றார் முன்னாலிருந்து.
பக்கத்தில் நின்று சொன்னாலே
இப்போதெல்லாம் இரண்டு தரம் கேட்கிறார்.
"பன்னிரண்டு" என்று கத்தினேன்.
"நான் சொல்லல?" என்றார்.

நகத்தால் வால்வை அழுத்தினேன்.
ஏழு பவுண்டு காற்று
ரப்பர் வாடையோடு
உள்ளங்கையில் பட்டுப் போனது.
அடுத்த சக்கரம். அதற்கடுத்தது.
எஞ்சினை உறுமவிட்டு
அவர் காதை மூடிக்கொண்டிருந்தார்.

முதல் கியரில் பேட்ரோல் எழுந்து வந்தது,
ஒட்டகம் எழுவதுபோல் பின்பக்கம் முதலில்.
புதுசையும் இழுத்துப் போட்டது.
மேட்டின் மேல் கைதட்டல்.
"பழசு பழசுதான்யா."
தீர்ப்பாகிவிட்டது, என்னைக் கேட்காமலே.

ஒரு வால்வு மூடியைக் காணவில்லை.
விஜில் முட்டிபோட்டு மணலைச் சலித்தான்.
கிடைத்ததை வாயால் ஊதி
என் கையில் வைத்தான்.
எதுவும் கேட்கவில்லை.