இல்லை, வட்ட முத்திரையுடன்

வியாழக்கிழமைதான் அதிகம் வருவார்கள்.
வெள்ளிக்கிழமை உத்தமபாளையத்தில் தாள் வாங்குகிறார்கள்.
நான்கு இடத்தில் வேலை கேட்டேன்,
நான்கு இடத்திலும் இல்லை என்றார்கள் என்பதற்கு
நான்கு கையெழுத்து.
முத்திரை இல்லாத இல்லை செல்லாது.

கூடலூரில் வட்ட முத்திரை வைத்திருப்பது
அரிசி மில், பெட்ரோல் பங்க், ஒரு நர்சரி ஸ்கூல்,
பிறகு இந்த ஏலக்காய் டிப்போ.
மில்காரர் சாப்பிடப் போயிருப்பார்.
மேனேஜர் கம்பத்துக்குப் போயிருக்கிறார் என்று
பங்கில் மேனேஜரே சொல்வார்.
அதனால் என் மேசை.

ஆரம்பத்தில்
தற்சமயம் காலியிடம் எதுவும் இல்லை
என்று முழுசாக எழுதினேன்.
முந்நூறு தாண்டிய பிறகு
ல்லுக்குப் புள்ளிகூட வைப்பதில்லை.
இதுவரை ஒரு தாளும் திரும்பி வரவில்லை.

சுருளியம்மாவுக்கு இது ஐந்தாவது வருஷம்.
பிளஸ் டூ, டைப்ரைட்டிங் லோயர்.
மற்ற நாளில் அஞ்சரை மணி ஜீப்பில் பதினாலாவது ஆளாக
மலை ஏறி, அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் காய் எடுப்பவள்.
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.
வியாழன் வந்தால் ஜீப்பை விடணும், கூலியும் போகும்.
பஸ் நம்ம பக்கம் சும்மா,
குமுளி தாண்டினால் டிக்கெட்.
அங்கே ஒரு லாட்ஜ்காரர் மலையாளத்தில் எழுதிக்கொடுத்த இல்லையை
ஆபீசில் மூன்று பேர் கூடிப் பார்த்துவிட்டு
தமிழில் வாங்கி வா என்றார்களாம்.
"வேலை தேடுறதுக்கே லீவு போட வேண்டியிருக்குண்ணே."

நேற்று எங்கள் சல்லடைக்காரி லிசி
பிரசவத்துக்குப் போய்விட்டாள்.
எட்டு மில்லி சல்லடை சுவரில் சாய்ந்திருந்தது.
திறந்த பேனாவை மூடினேன்.
இருக்கு, என்றேன்.
"என்னது?"
வேலை. மூணு மாசம். நாளைக்கு நானூத்தம்பது.
உட்கார்ந்தே செய்யலாம்.

என் தொண்டையில் வேறு யாரோ பேசியது போலிருந்தது.

"பேரு ஏறுமாண்ணே?"
ஏறும். பி.எஃப். உண்டு.

பி.எஃப். என்றதும் முகம் விழுந்ததை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
மூணு மாசம். அப்புறம் லிசி வந்துவிடுவாள்.
அஞ்சு வருஷப் பதிவு அழிந்து
முதல் வருஷம், முதல் வியாழன், முதல் தாள்.
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவள்
பாதியில் நிறுத்திச் சல்லடையைத் தொட்டாள்.
ஓட்டையில் ஒரு காய் மாட்டியிருந்தது,
விழவும் இல்லை, நிற்கவும் இல்லை.
கீழேயிருந்து கட்டைவிரலால் அதை
மேலே தள்ளிவிட்டாள்.

"இல்லைன்னே போடுங்கண்ணே."

போட்டேன், புள்ளி வைத்து.
மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே இறங்கிப் போனாள்.
வாசலில் அடுத்த ஆள்
செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.